சித்திரை வீதியில் திரும்ப மறுத்த வண்டி

2025 ஜூலை 14, திங்கட்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். வெயில். வெயிலுக்குள் காற்று. காற்றுக்குள் கொள்ளிடத்து மணல். ஸ்ரீரங்கம் தெற்குச் சித்திரை வீதிக்குள் நுழைந்து சரியாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை; என் பிக்கப் வண்டியின் ஸ்டியரிங் கல்லாகிப் போனது.

காலையில் கோத்தகிரியில் கிளம்பும்போது ஸ்வெட்டர் போட்டிருந்தேன். கரூர் தாண்டியதும் சட்டையே அதிகம் என்று பட்டது. எங்கள் ஊரில் ஜூலை என்றால் வாசலில் நிற்கும் ஆள் தெரியாத அளவுக்கு மூட்டம் இருக்கும். இங்கே சிமென்ட் தரையில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு இது வெளிநாடுதான். மலையில் இருக்கும் நாங்கள் கீழே இருக்கும் எல்லா ஊரையும் அப்படித்தான் நினைக்கிறோம். என் மனைவி சரோஜா திருச்சிக்காரி என்பதால், அவள் முன்னால் சொல்வதில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றதும், கேரட் பயிரிட்டுப் பணக்காரன் ஆகப் போகிறேன் என்று காகிதத்தில் நிரூபித்து, பழைய பிக்கப் ஒன்றை வாங்கினேன். காகிதத்தில் காட்டுப்பன்றி வரவில்லை; தோட்டத்தில் வந்தது. கேரட் போயிற்று, வண்டி நின்றது. எழுபத்தொரு வயதில் இனி மலைப்பாதையில் ஓட்டக் கூடாது என்று மகள் சத்தியம் வாங்கிக்கொண்டாள். விற்பதற்காகக் கடைசியாக ஒருமுறை இறங்க மட்டும் அனுமதி. அதனால் விற்க வந்தோம்.

வாங்க இருந்தவர் வேலாயுதம், ஸ்ரீரங்கத்து வாழைத்தார் வியாபாரி. சரோஜாவின் தங்கை செல்வி வடக்குச் சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் வாழைக்காய் சிப்ஸ் போட்டு விற்கிறாள். அவளுக்குக் காய் கொடுப்பவர். விலை இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்று போனிலேயே முடிந்திருந்தது. ஒரே நிபந்தனை. வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் அவர் வண்டி வாங்கமாட்டார். புதன்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் சாவி கைமாற வேண்டும். தவறினால் மண்ணச்சநல்லூரில் அவருக்கு வேறொரு வண்டி தயாராக இருந்தது. எனக்கு வேறொரு வேலாயுதம் தயாராக இல்லை. விற்காவிட்டால் அதே வண்டியில் அதே மலையை நான் மறுபடி ஏற வேண்டும். மகளுக்குக் கொடுத்த சத்தியம் அடிவாரத்திலேயே உடைந்துவிடும்.

போனில் அவரிடம் நான் சொன்ன வாக்கியம் இது: "ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி. ஒரு விரல் போதும்."

வழியில் என்னால் முடிந்த முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்திருந்தேன். மலை இறங்கியதும் மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி, முன் டயர்களைத் தொட்டுப் பார்த்தேன். கை சுட்டது. காற்றழுத்தம் அளக்கும் கருவி ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும். முப்பத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டு காட்டியது. சமவெளி வெயிலில் இது இன்னும் ஏறி வெடிக்கும் என்று முடிவு செய்து, இரண்டிலும் தாராளமாகக் காற்றை இறக்கிவிட்டேன். "எல்லாத்தையும் யோசிச்சுச் செய்றீங்க" என்றாள் சரோஜா. அவள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

இப்போது சித்திரை வீதி. கோயிலைச் சுற்றி நான்கு பக்கமும் நேர்கோட்டில் ஓடி, மூலைக்கு மூலை செங்குத்தாகத் திரும்பும் வீதி. கோயில் என் வலது பக்கம். வலப்பக்கத் திருப்பம் விசாலமானது. ஸ்டியரிங்கை நானும் சரோஜாவும் சேர்ந்து இழுத்தால், முன்னால் ஏதோ கீச்சென்று அலற, வண்டி எப்படியோ திரும்பியது. செல்வியின் சந்து இடப்பக்கம், ஒடுக்கமானது. முதல் தடவை இழுத்தேன். வண்டி சந்தின் வாயைப் பார்த்துவிட்டு நேராகப் போனது. சந்து முனையில் கைகாட்டிக்கொண்டு நின்ற செல்வி எங்களுக்குப் பின்னால் சின்னதாகிப் போனாள்.

"நிறுத்துங்க!" என்றாள் சரோஜா.

"நிறுத்தினா இன்னும் இறுகிடும். ஓடுறப்பதான் கொஞ்சமாவது அசையுது."

"அப்ப பெட்ரோல் தீர்ற வரைக்கும் சுத்தவா?"

"டீசல்."

இரண்டாம் சுற்றிலும் சந்து கடந்து போனது. கண்ணில் மணல் விழுந்து இருவருக்கும் நீர் கொட்டியது. துடைக்க ஒரு கைகூடக் கிடையாது; நான்கு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. கிழக்கு வீதியில் பூக்காரம்மா ஒருத்தி எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அடுத்த சுற்றில் ஒரு முழம் துளசியை பானட்டின்மேல் வீசினாள். நெற்றி நிறைய நாமம் தரித்த பெரியவர் ஒருவர் ஓரமாக ஒதுங்கி நின்று, "க்ஷேமமாப் போயிட்டு வாங்கோ, பெருமாள் அனுக்ரஹம் பண்ணுவர்" என்றார். எங்கே போய்விட்டு வருவது? அவரையே மறுபடி பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

மூன்று சுற்றும் எங்கள் பின்னாலேயே மாட்டிக்கொண்டு வந்த ஓர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து கத்தினார்: "பெருசு! பெருமாளே தேர்ல ஒரு தடவதான்யா சுத்துறாரு!"

"ஸ்டியரிங் திரும்பலப்பா!"

அவர் நல்ல மனிதர். ஆட்டோவை ஓரமாக விட்டுவிட்டு, நான்காம் சுற்றில் சந்துக்குச் சற்று முன்பே காத்திருந்து, ஊர்ந்து வந்த வண்டியின் படியில் தொற்றி, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கினார். மூன்று பேர் சேர்ந்து இழுத்ததில் வண்டி சந்துக்குள் நுழைந்தது. இறங்கியபோது என் இரண்டு கைகளும் பிடித்த நிலையிலேயே இருந்தன. செல்வி காபி டம்ளரை அதற்குள் செருகினாள்.

அந்தக் காபியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் ஊற்றி இரண்டு நிமிடத்தில் குடிக்காவிட்டால் ஆறிவிடும் என்ற பயத்திலேயே நாங்கள் வாழ்கிறோம். இங்கே அரைமணி நேரம் கழித்தும் நாக்கைச் சுட்டது. இரவுச் சாப்பாட்டில் வாழைப்பூ வடை, வாழைத்தண்டு கூட்டு, வாழைக்காய்ப் பொரியல், வாழை இலை, கடைசியில் பூவன் பழம். ஐந்து. "சிப்ஸ விட்டுட்டீங்க அத்தான்" என்று செல்வி ஆறாவதையும் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை அரியமங்கலத்துப் பட்டறைக்குப் போனோம். காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட்டேன். தெரு காலியாக இருந்தால் திரும்பாவிட்டாலும் யார்மீதும் மோதாது என்ற கணக்கு. சந்திலிருந்து வண்டியை வெளியே எடுக்கப் பால்காரரும் நடைப்பயிற்சிக்கு வந்த இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். காவிரிப் பாலம் வந்தபோது மனசு நிறைந்தது. ஆற்றில் இரு கரை தொட்டுத் தண்ணீர் போனது. எல்லோரும் தண்ணீரைப் பார்த்து மகிழ்கிறார்கள். நான் பாலம் நேராக இருப்பதைப் பார்த்து மகிழ்ந்தேன்.

பவர் ஸ்டியரிங் ஏன் இறுகும் என்று முந்தின இரவு செல்போனில் படித்திருந்தேன். ஏழு காரணங்கள்: எண்ணெய் குறைவு, பெல்ட் தளர்வு, குழாய்க் கசிவு, பம்ப், சக்கரங்களைத் திருப்பும் ராக் என்ற பல்சட்டம், சக்கர அலைன்மென்ட், டயர் காற்று. ஆறு வரை பாராயணம் செய்துகொண்டேன். ஏழாவதைத் தாண்டிவிட்டேன். காற்று விஷயத்தை நானே நேரில் கவனித்திருந்தேன் அல்லவா.

மெக்கானிக் பாஸ்கர் பானட்டைத் திறக்கும் முன்பே சொன்னார்: "பம்ப் போயிருச்சு சார்."

"பார்க்காமலே எப்படி?"

"சத்தம் கேட்டேன்ல. இதுக்கு மேல என்ன பாக்குறது?"

எதிர்ப் பட்டறையிலிருந்து ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பம்ப் இல்ல பாஸ்கரு, ராக்கு."

"ஒன் பட்டறைக்கு வர்ற எல்லா வண்டிக்கும் ராக்குதான். அன்னைக்கி ஹாரன் அடிக்கலன்னு வந்தவனுக்கும் ராக்குன்ன."

"அவனுக்கும் ராக்கு போயிருந்துச்சுய்யா!"

நான் நடுவில் புகுந்து, பெல்ட்டாக இருக்கலாமா, குழாயாக இருக்கலாமா என்று ஆறு காரணங்களையும் வரிசைப்படி கேட்டேன். பாஸ்கர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார் வாத்தியாரா?" என்றார். கணக்கர் என்றேன். "அதான்" என்றார். இன்றுவரை அந்த 'அதான்' எதற்கு என்று எனக்குத் தெரியாது.

புதுப் பம்ப் பதினாலாயிரத்து ஐந்நூறு. கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். வியாழக்கிழமை வரும்.

"வியாழக்கிழமை ஆடி" என்றேன்.

"ஆடியில பம்ப் மாத்தலாம் சார். தப்பில்ல."

வேறு வழியில்லாமல், ஸ்டியரிங் எண்ணெயை மட்டும் மாற்றச் சொன்னேன். மாற்றி, இருபுறமும் பலமுறை திருப்பி, உள்ளே மாட்டிய காற்றையும் வெளியேற்றினார். கூலியோடு ஆயிரத்து நூற்றைம்பது. பட்டறை வாசலைத் தாண்டும் வரை இலேசாக இருப்பதுபோல் தோன்றியது. பால்பண்ணை திருப்பத்தில் தோன்றுவது நின்றது. பேருந்து ஒன்று எனக்காக நின்றது. அதன் ஓட்டுநர் சொன்ன எதையும் இங்கே எழுத முடியாது. சரோஜா அவருக்கு அதே திருச்சித் தமிழில் பதில் சொன்னாள். கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் அந்தச் சொற்களை அவள் எனக்காக ஒருமுறைகூடச் செலவழித்ததில்லை என்பதை நன்றியோடு உணர்ந்தேன்.

சந்துக்குள் நுழைய இனி முயற்சிப்பதில்லை என்று வண்டியை வீதி ஓரத்திலேயே விட்டுவிட்டு, மதியம் முழுவதும் செல்வி வீட்டு மின்விசிறியின் கீழ் படுத்திருந்தேன். மலையேறும் காட்சி கண்முன் வந்துகொண்டே இருந்தது: நான், கொண்டை ஊசி வளைவு, ஜன்னலில் தொங்க ஆட்டோக்காரர் இல்லை.

மாலை காபிக்கு, நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த வர்க்கி பிஸ்கட் பாக்கெட்டைச் செல்வி எடுத்தாள். மேலும் கீழும் திருப்பிப் பார்த்தாள்.

"என்னத்தான் இது, பாக்கெட்டு இப்படிச் சப்பிப் போயிருக்கு? நான் சிப்ஸ இப்படிப் பேக் பண்ணிக் குடுத்தா கடக்காரன் மூஞ்சியிலயே விட்டெறிவான்."

"தலையணை மாதிரி உப்பலா இருந்துச்சுடி" என்றாள் சரோஜா. "எனக்கு மடியில வச்சுக்கவே கஷ்டமா இருந்துச்சு."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர்க் கடைகளில், கீழிருந்து வரும் சிப்ஸ் பாக்கெட்டுகள் வெடிக்கப் போவதுபோல் உப்பித் தொங்கும். மேலே காற்றின் அழுத்தம் குறைவு. முப்பத்தெட்டு வருடமாக அதைப் பார்த்துவிட்டு, மேலே அடைத்த பாக்கெட் கீழே வந்தால் சப்பிப் போகும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. டயரும் ஒரு பாக்கெட்தான். இறங்கினாலே அதில் காற்று குறைவாகத்தான் காட்ட வேண்டும். அப்படியும் மேட்டுப்பாளையத்தில் கூடுதலாகக் காட்டியது, மலை முழுக்க பிரேக் பிடித்து வந்த சூட்டினால். ஒரு டீ குடித்திருந்தால் அது ஆறியிருக்கும். நான் டீ குடிக்கவில்லை, காற்றைப் பிடுங்கினேன். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்த கணக்கர்.

யாரிடமும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வீதிக்குப் போனேன். வண்டி நின்ற இடத்துக்கு நேர் எதிரே, திருப்பமே இல்லாத தூரத்தில் ஒரு பஞ்சர் கடை.

"சார், முன்னாடி ரெண்டும் பத்தொம்போதுதான் இருக்கு" என்றார் கடைக்காரர். "உருட்டிக்கிட்டா வந்தீங்க?"

முப்பத்தைந்து வைத்தார். டயருக்குப் பத்து ரூபாய். ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டேன். திரும்பியது. கீச்சென்ற அலறலும் இல்லை. நெடுஞ்சாலையில் வேகமாக வந்தபோது தெரியாத கோளாறு, ஊர்ந்து திரும்பும்போதுதான் பிடித்துக்கொண்டது; தட்டையான டயரை மல்லுக்கட்டித் திருப்பித்தான், பம்பைச் சுழற்றும் பழைய பெல்ட் வழுக்கிக் கத்தியிருக்கிறது. சந்துக்குள் நானே ஒரு கையால் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன். சரோஜா வாசலுக்கு ஓடி வந்தாள்.

"எப்படிங்க?"

"எண்ணெய் இப்பதான் ஊறியிருக்கு" என்றேன். பட்டறைக்குக் கொடுத்த ஆயிரத்து நூற்றைம்பதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா.

புதன்கிழமை காலை ஒன்பது அடித்து ஐந்து நிமிடத்தில் வேலாயுதம் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வெற்றிலை பாக்கு பழத்தோடு தாம்பாளம். ஒரு கவர். பின்னால் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா மாதிரி வண்டியில் எங்களுக்கென்று ஒரு பூவன் தார். வண்டியைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"சார், இந்த வண்டியா?"

"இதேதான். ஏறிப் பாருங்க. ஒரு விரல் போதும்."

அவர் ஏறவில்லை. "திங்கக்கெழம சாயந்திரம் சித்திர வீதிய நாலு சுத்து சுத்துனது நீங்கதானா?"

நான் ஆமாம் என்றேன்.

"நான் டீக்கடையில நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்களும் அம்மாவும் ஸ்டியரிங்கக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த... எனக்கே மனசு கலங்கிருச்சு. யாரோ பாவம், இந்த வண்டிய விட்டுப் பிரிய முடியாம பெருமாள்கிட்ட முறையிடுறாங்கன்னு டீக்கடைல சொன்னேன். அது நான் வாங்கப் போற வண்டின்னு தெரியாமப் போச்சு." தாம்பாளத்தை மெதுவாக வாசல்படியில் வைத்தார். "எனக்கு வேணாம் சார்."

"ஐயோ, அதெல்லாம் இல்லைங்க!"

"தப்பா நெனக்காதீங்க. எங்கப்பா ஒரு அம்மாகிட்ட பசுமாடு வாங்குனாரு. அந்தம்மா அழுதுக்கிட்டே கயித்தக் குடுத்துச்சு. அந்த மாடு எங்க வீட்டுல ஒரு சொட்டு கறக்கல. அழுதுக்கிட்டு குடுக்குற பொருள் வெளங்காது சார். வச்சுக்குங்க. பெருமாளே உங்களுக்குத்தான் குடுத்திருக்காரு."

மணி ஒன்பது பதினெட்டு. என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. அழுதவனாகவே இருந்துவிட்டு வண்டியோடு மலையேறுவது. அல்லது வெண்ணெய் என்று சொன்ன ஸ்டியரிங் கல்லாக இருந்தது என்று ஒப்புக்கொள்வது. செல்வியைப் பார்த்தேன். அவள் சிப்ஸ் சட்டியைப் பார்த்தாள்.

"அது அழுகை இல்லைங்க, மணல்" என்றேன். "ஸ்டியரிங் திரும்பல. அதான் சுத்தினோம்."

வேலாயுதம் என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரிய மனசுக்காரர்கள் சிரிக்கும் சிரிப்பு. "என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க. ஸ்டியரிங் வெண்ணெ மாதிரின்னு நீங்கதான போன்ல சொன்னீங்க?"

"டயர்ல காத்து இல்ல. நானே புடுங்கி விட்டுட்டேன். நேத்துதான் அடிச்சேன்."

"ஏங்க" என்றாள் சரோஜா. "நேத்து எண்ணெ ஊறிருச்சுன்னீங்க?"

வாங்க வந்தவரோ உண்மையை நம்பவில்லை. மனைவியோ பொய்யைப் பிடித்துவிட்டாள். இனி வாயால் பயனில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். குனிந்து, முன் டயர் மூடியைக் கழற்றி, பேனாவின் பின்புறத்தால் வால்வை அழுத்தினேன். வண்டி மெல்ல முன்னால் குனிந்தது. அடுத்த டயருக்கும் நகர்ந்தேன். என் கருவியில் பத்தொன்பது வந்ததும் நிறுத்தினேன். சாட்சியத்தில் பிசகு கூடாது.

"இப்ப ஓட்டிப் பாருங்க."

அரைமனதோடு ஏறினார். நான் பக்கத்தில். சந்து முனையில் வலப்பக்கம் ஒடித்தார். வண்டி ஒடியவில்லை. கீச்சென்று அந்த அலறல். இரண்டு கையாலும் இழுத்தார், எழுந்து நின்று இழுத்தார், எதிர்வீட்டுக் கோலத்தின் மேல் ஏறி நின்றோம். காற்று ஒரு வீச்சு வீசியது. அவர் கண்ணிலும் மணல் விழுந்தது. கைகளை எடுக்க முடியாமல், கண்ணீர் வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும் வரை சிரித்தார்.

"அடப் பாவமே! அப்ப நீங்க ரெண்டு பேரும் அழுவல!"

"சத்தியமா இல்ல."

"வண்டி போறதுல வருத்தமே இல்லையா?"

"துளிகூட இல்லைங்க" என்றாள் பின்னாலேயே ஓடி வந்த சரோஜா. அவ்வளவு பக்தியோடு அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

பஞ்சர் கடைவரை நான்கு பேர் தள்ளினோம். கடைக்காரர் அளந்தார், பத்தொன்பது. என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அடித்தார். வேலாயுதம் மறுபடி ஓட்டினார், இந்த முறை ஒரு விரலால். மணி பத்து ஆறு.

"வண்டி எனக்குப் புடிச்சிருக்கு சார்" என்றார். "ஆனா ஒண்ணு. பெல்ட்டு கத்துறத நான் கேட்டுட்டேன். பம்ப் எப்ப வேணா போகும்னு மெக்கானிக் சொல்லியிருப்பாரே?"

பாஸ்கர் சொன்னதைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க எனக்கு முக்கால் மணி நேரம் முன்பு வரை உரிமை இருந்தது.

"அப்ப பத்தாயிரம் கொறச்சுக்குங்க."

"நீங்கதான வேணாம்னு தாம்பாளத்தக் கீழ வச்சீங்க?"

"அது அழுகைக்கு. இது பெல்ட்டுக்கு."

செல்வி சட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே, "குடுத்துட்டு வாங்கத்தான், மணி பத்தே காலாகுது" என்றாள். கவரிலிருந்து பத்தாயிரத்தை அவர் எண்ணி எடுத்துக்கொண்டார்; மீதியை நான் இரண்டு முறை எண்ணினேன். பத்து இருபத்தாறுக்கு வெற்றிலையின்மேல் வைத்துச் சாவியைக் கொடுத்தேன். கொடுக்கும்போது கண் கலங்கிவிடக் கூடாதே என்று முகத்தைக் காற்றுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பிக்கொண்டேன். அவர் சந்து முனையில் ஒரே ஒடிப்பில் திரும்பிப் போய்விட்டார்.

"பஸ்சுல போறப்ப இந்தத் தாரை யாரு தூக்குறது?" என்றாள் சரோஜா.

ஊருக்குத் திரும்பும் வழியில் கணக்குப் போட்டேன். எண்ணெய் மாற்ற ஆயிரத்து நூற்றைம்பது, காற்றடிக்க இரண்டு தடவையாக நாற்பது, விலையில் விட்டுக்கொடுத்தது பத்தாயிரம். மேட்டுப்பாளையத்தில் ஐந்து நிமிடம் பொறுத்து ஒரு டீ குடிக்காததற்கு ஆன செலவு பதினோராயிரத்து நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.